களத்தில் எரிந்த ஒயர்

செவ்வாய், ராத்திரி.

சாயங்காலம் என் கொழுந்தன், வூட்டுல கெடந்த பழைய டிவியையும் மிக்ஸியையும் உடைச்சு, உள்ள இருக்குற செம்புக்காக ஒயரை ஊர்க் களத்துல போட்டுக் கொளுத்தினான். களமாச்சேன்னு செருப்பை மட்டும் ஓரமா கழட்டி வெச்சிருந்தான்.

"இன்னாப்பா பண்ற? நாளைக்கு இங்கதான் சாமை அடிக்கணும். இந்தச் சாம்பல் விஷம். ஆலங்காயத்துல பழைய கரண்டு சாமான் வாங்குற எடத்துல முழுசா குடுத்திருக்கலாமே"ன்னேன்.

"சாணி போட்டு மெழுகினா சரியாப் பூடும் அண்ணி"ன்னு சிரிச்சான். மெழுகியும் விட்டான். இப்ப களம் பளிச்சுனு இருக்குது.

செருப்போட ஏறியிருந்தா ஊரே சண்டைக்கு வந்திருக்கும். கரும்புகையைப் பாத்துட்டு எல்லாரும் சும்மா போனாங்க.

விடிஞ்சா களத்துல அடிக்கிற மொதச் சாமைக் கட்டு எங்க வூட்டுது. அந்தச் சாம்பல் மேல அதைப் பிரிக்க விடமாட்டேன். வூட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லல.