வெண்டைக்காய் நுனி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்குப் பால் சரியாக வாங்கிவிட்டேன். நீல மூடிதான் பால். பச்சை மூடி, பால் காட்டிய தண்ணீர். சிவப்பு மூடி மோர். இது தெரிய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. போன வாரம் சிவப்பு மூடியில் போட்ட காபியை இவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமாகி மூன்று மாதம்தானே, அந்த மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

செவ்வாய்தோறும் தனியாகக் கடைக்குப் போகிறேன். வாரத்தில் நான் வெளியே போவது அந்த ஒரு நாள்தான். இவர் ஏழரைக்கு ஆபீஸ் கிளம்பினால் இருட்டித்தான் வருகிறார். சனி ஞாயிறு தூங்குகிறார், பாவம். ஆறு நாள் சுவரோடு பேசுகிறவளுக்கு ஏழாம் நாள் இரண்டு சிக்னல், ஒரு பாலம், தானாகத் திறக்கும் கதவு. உள்ளே ஒன்றரை மணி நேரம் சுற்றுவேன். வாங்குவது ஒரு பை.

முதல் வாரம் சிக்னலைக் கடக்கப் பயந்து, நாயோடு போன ஒருத்தர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்குப் பயந்தார், நான் நாய்க்குப் பயந்தேன். இப்போது பட்டனை நானே அமுக்குகிறேன். இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். இந்த ஊரில் நானாகச் செய்கிற காரியம் இது ஒன்றுதான்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் தூங்கவும் முடியாது.

கடையில் வெண்டைக்காய் வந்திருந்தது. இங்கே வந்து முதல் தடவை பார்க்கிறேன். ஒரு பெட்டி நிறைய, பச்சைப் பசேலென்று. தெரியாத கூட்டத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. பையைப் பிரித்துக்கொண்டு அங்கேயே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். நுனியை ஒடித்தேன். பட்டென்று ஒடிந்தால் இளசு, பையில். வளைந்து நார் இழுத்தால் முற்றல், திரும்பப் பெட்டியில். இதை யாராவது யோசித்தா செய்வார்கள்? சந்தையில் அம்மா பக்கத்தில் நின்று ஆறு வயதில் பழகிய கை. அது பாட்டுக்குச் செய்தது.

பச்சை ஏப்ரன் போட்ட ஒரு பெண் வந்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் வினை. போய் செக்யூரிட்டியைக் கூட்டி வந்தாள். பின்பக்கம் ஒரு அறை. கம்ப்யூட்டரில் என் இரண்டு கைகள், மேலேயிருந்து எடுத்தது, ஒடித்து ஒடித்துப் போடுகின்றன. சுற்றிலும் தரையெல்லாம் நுனி. பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

வேண்டுமென்றே பொருளை நாசம் செய்கிறேனாம். தின்னப்போகிறவள் எதற்கு நாசம் செய்கிறாள்? முற்றல், இளசு — இரண்டுக்கும் அவர்கள் மொழியில் எனக்கு வார்த்தை தெரியவில்லை. கிழவன், குழந்தை என்றேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், எனக்கு வாய் இருந்தும் இல்லை. செக்யூரிட்டி, "போலீஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

இவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். ஆறடி மனிதர், அந்த மேஜை முன்னால் கூனிக் குறுகி நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியை முழுசாக நாங்களே வாங்கிக்கொண்டோம். ஒரு வருஷத்துக்கு அந்தக் கடைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். சுவரோரம் நிற்க வைத்து என்னைப் போட்டோ எடுத்தார்கள்.

டாக்ஸியில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பெட்டி உட்கார்ந்து வந்தது. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார். "ஒடிச்சுப் பாக்காம வாங்க முடியாதா உனக்கு?"

"முத்தலா இருந்தா என்னங்க பண்றது?"

"முத்தலைத் தின்னுட்டுப் போறோம்!"

மார்ச் 13, வியாழன்

மூன்றாம் நாளும் வெண்டைக்காய். தலை குனிந்து சாப்பிடுகிறோம். பாதி முற்றல்.

மார்ச் 15, சனி

இவர் இன்று உட்கார வைத்துப் பேசினார். ஜூனில் எங்கள் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். "புகார்னு ஏதாவது பதிவாகியிருந்தா தொலைஞ்சோம். அது முடியற வரைக்கும் நீ தனியா எங்கயும் போகாதே. என்ன வேணுமோ சொல்லு, நான் வாங்கிட்டு வர்றேன்."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேறு கடை இருக்கிறதே என்றேன்.

"எல்லாக் கடைக்கும் போட்டோ அனுப்பிடுவாங்களாம். ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அவர் அரண்டதற்குக் காரணமே நான்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டே சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சாவி ஆணியில்தான் தொங்குகிறது. பூட்டிவிட்டுப் போனாலாவது புருஷன் கொடுமை என்று யாரிடமாவது சொல்லலாம்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மாவிடம் பேசினேன். போட்டோ, செக்யூரிட்டி எதையும் சொல்லவில்லை. கடைக்கெல்லாம் இவரே போகிறார் என்று மட்டும் சொன்னேன்.

"குடுத்து வச்சவடி நீ! உங்கப்பா ஒரு நாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கிட்டு வந்திருப்பாரா? மாப்பிள்ளை தங்கம்."

தங்கம்தான். ஆனால் வாரா வாரம் முட்டைக்கோஸ் வாங்கி வருகிறார். அதில் ஒடிக்க நுனி இல்லை. வேறு ஏதாவது காய் வாங்குங்களேன் என்றால், "இதுதான் கெடாம இருக்கும்" என்கிறார். நானும் ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி இந்த வீட்டில் கெடாமல் இருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

போனேன். சொல்லாமல் போனேன். ஆமா, போனேன், என்ன இப்ப?

காலையிலிருந்தே ஒரு எரிச்சல். நான் என்ன திருடினேனா? கொலை பண்ணினேனா? ஒரு வெண்டைக்காயை ஒடிச்சதுக்கு எத்தனை நாள் இப்படி ஜன்னல்லயே நிக்கிறது? சாவியை எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கக் கடைக்கு நடந்தேன். இருபத்தைந்து நிமிஷம். வழியெல்லாம் எனக்குள் ஒரே வீராப்பு.

கதவு திறந்தது. நேரே எதிரில், உள்ளே வருகிறவர்களைக் காட்டுகிற ஒரு திரை. அதில் நான். அவ்வளவுதான், வீராப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. கையை எங்கே வைப்பது? கோட்டுப் பையில் வைத்தால் திருடி மாதிரி. வெளியே தொங்கவிட்டால் எதையாவது தொட்டுவிடுமோ என்று. தக்காளி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மாம்பழங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கி, மூக்கில் வைத்து மோந்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். பதினாலாவது பழத்தை எடுத்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அமுக்கலாம், ஒடிக்கத்தான் கூடாது போல.

ஒரு தக்காளி எடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். என்னைப் பார்த்துத்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன், ஒன்றும் வாங்காமல். ரயில் பாலத்துக்குக் கீழே நின்று அழுதேன். அழுகைகூட ஒழுங்காக வரவில்லை, குளிரில் மூக்குதான் ஒழுகியது.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டமாட்டார். அதுதான் பயம்.

ஏப்ரல் 19, சனி

இவருக்குச் சளி. கஷாயம் வைத்தேன். மருந்துக்கடை கீழேயே இருக்கிறது, தெருவைக்கூடக் கடக்க வேண்டாம். "நீ போய் ஒரு மாத்திரை வாங்கிட்டு வர்றியா?" என்று அவரே கேட்டார். கஷாயமே போதும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 6, செவ்வாய்

இன்று செவ்வாய் என்பதே சாயங்காலம்தான் தெரிந்தது.

மே 22, வியாழன்

வீடு பளபளவென்று இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓடுகளைக்கூட எண்ணிவிட்டேன்.

ஜூன் 14, சனி

விசா வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். இவர் என்னைத் தூக்கிச் சுற்றினார், கேக் வாங்கி வந்தார். "புகாரெல்லாம் ஒண்ணும் பதிவே ஆகலையாம். அந்தக் கடையோட முடிஞ்சுபோச்சு. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன். இனிமே நீ எங்க வேணும்னாலும் போயிட்டு வா."

மூன்று மாதம். தேவையில்லாமல். எவ்வளவு லேசாகச் சொல்கிறார் மனுஷன்! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்தக் கேக்கைத் தூக்கி அவர் தலையில் கொட்டியிருக்க வேண்டும். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

லிஃப்டில் கீழே இறங்கினேன். மேலே வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் கேட்டார். "போனியா?"

"கூட்டமா இருந்துச்சுங்க."

"சரி, எழுதிக் குடு. நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வர்றேன்."

ஜூன் 26, வியாழன்

இரண்டாம் மாடிக்கு நம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள். வந்து நான்கு நாள்தான் ஆகிறதாம். அந்தப் பெண் இன்று காலை கதவைத் தட்டினாள். தலை சீவி, பொட்டு வைத்து, கையில் மடித்த துணிப்பை. "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது. கடைக்குப் போகணும். கூட வர்றீங்களா?"

என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். நானே வந்து ஐந்து மாதம்தான், அதற்குள் அக்கா ஆகிவிட்டேன்.

செருப்பு மாட்டிக்கொண்டேன். இவளோடு போய்விடலாம் என்றுதான் நிஜமாகவே நினைத்தேன். இரண்டு பேரும் லிஃப்டில் இறங்கினோம். அவள் பேசிக்கொண்டே வந்தாள். மொழி வராது, ஜூனிலும் குளிருகிறது, வீட்டுக்காரருக்கு ஆபீஸ் தூரம். கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தேன். அவள் தள்ளித் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று உள்ளே வந்தது. என் கால் வரவில்லை.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்மா" என்றேன்.

"ஐயோ! போங்கக்கா, போங்க. நான் பாத்துக்கறேன். வழி மட்டும் சொல்லுங்க."

வழி சொன்னேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போ, சிக்னலில் பட்டனை அமுக்கிவிட்டு நில். எதையும் கையால் தொட்டுப் பார்க்காதே, இருக்கிறபடி எடுத்துக் கூடையில் போடு, யாரிடமும் சிரிக்காதே. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. நான் பார்த்தேன். இருந்தும் நிறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. வழி தப்பிப்போய், யாரையோ கேட்டு, கையால் ஜாடை காட்டி, எப்படியோ போய்விட்டு வந்துவிட்டாள். எனக்கென்று ஒரு கட்டுக் கீரைகூட வாங்கி வந்திருந்தாள். "பயந்த மாதிரி ஒண்ணுமே இல்லக்கா. வியாழக்கிழமை வியாழக்கிழமை போகப்போறேன். உங்களுக்கு எதாவது வேணும்னா எழுதி வச்சிடுங்க, நானே வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து அடுத்த வியாழனுக்கு வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன்.