தலைப்பிரசவத்துக்கு வர வேண்டாம்

அக்கரப்பத்தனை
ஆடி மாதம், 1957

அன்பு மகள் மீனம்மாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், திருகோணமலையில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. உலகமெல்லாம் சுற்றும் இந்தக் காய்ச்சல் கப்பலோடு உங்கள் துறைமுகத்துக்குத்தானே முதலில் வந்தது, அங்கே சீக்கிரம் ஓய்ந்துவிட்டது, இந்தத் தோட்டத்தை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறது, குளிர்தான் காரணமா என்று கேட்டிருந்தாய். அப்பாவும் குளிர்தான் என்று சாதித்தார். கதவு இடுக்கிலெல்லாம் சாக்கை அடைத்து, அடுப்பை மூட்டி, பக்கத்துக் காம்பரா அழகுமுத்து குடும்பத்தையும் “வாங்க, எல்லாம் ஒண்ணா ஒக்காந்து குளிர் காயலாம்” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். இரண்டு நாளில் குளிர் காய்ந்த அத்தனை பேரும் வரிசையாகப் படுத்தோம், அவரைத் தவிர. இன்னமும் அதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குளிர் என்றால் மலை உச்சியில் இருக்கும் துரை பங்களாவில் அல்லவா அதிகம், அங்கே சமையல்காரர் ஒருவர் இருமியதோடு சரி, தனி அறையில் படுத்து எழுந்துவிட்டார். இங்கே ஒரே கூரைக்குக் கீழே வரிசை அறைகளாக இருக்கும் லயம் முழுக்க சனம், காம்பராவுக்குக் காம்பரா தடுப்புச் சுவர் கூரை வரை எட்டாது, அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் என் சோற்றுப் பானையில் விழுகிறது. படுத்துவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை, அதனால் காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்குப் போய்த் தோளோடு தோள் நிற்கிறோம். மாப்பிள்ளைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்கள், வேலியடைத்த தனி வீட்டில் படுத்திருந்தார் என்று எழுதியிருந்தாயே, வித்தியாசம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே எழுதக் கை வரவில்லை. அழகுமுத்துவின் மருமகள் ராசம்மாவுக்கும் உன்னைப் போல எட்டு மாதம். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. நீ தலைப்பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம் மீனம்மா. உனக்கென்று மூலையை மெழுகி, பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. உன்னை அழைத்துவர தலவாக்கலையில் ரயில் ஏறக் கிளம்பிய அப்பாவையும் தடுத்துவிட்டேன். “மொத பிரசவம் தாய் வீட்ல இல்லைன்னா சனம் என்னா பேசும்” என்று சத்தம் போட்டார், பேசட்டும். நேற்றிலிருந்து அவருக்கும் இருமல், எனக்கும் இன்னும் விடவில்லை, இதோடு நானும் உன்னிடம் வரமாட்டேன். பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அம்மா உன்மேல் பிரியமாக இருக்கிறார் என்றாயே, அவரை என் இடத்தில் வைத்துக்கொள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம், பிள்ளை நல்லபடி பிறக்கட்டும். சந்தைக் கூட்டத்துக்குள் போகாதே, வெந்நீர் குடி. ஒன்றை மட்டும் மறக்காதே. நாள் நெருங்க நெருங்க மனது தாங்காமல் நானே உன்னை வா என்று தந்தி அடித்தாலும் அடிப்பேன். அப்போதும் வராதே.

இப்படிக்கு
உன் அம்மா
அம்மாக்கண்ணு