பிடாரியிடம் பூக் கேட்டது

ஆனி 12, வியாழன்

புழுக்கம். மேற்கே கறுத்து, மழை வருவதாக ஒரு நடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விடைத்தாள் திருத்தம் பாக்கி.

கும்பாபிஷேக மலரின் அச்சுப்படி கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவன் தம்பி ராமு. பாதி வாழ்நாளைச் சிங்கப்பூரில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது எங்கள் ஊர்ப் பிடாரி கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவன். திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் இரண்டு வேலைகள்தான். வீட்டுக்கு மாடி எடுப்பது, சாமிக்குக் கோபுரம் எடுப்பது. மாடி முடிந்துவிட்டது.

போன மாதம் அவன் கேட்டது: "அண்ணே, நம்ம மதம் எப்படி வந்துச்சு, என்னென்ன நூல் இருக்கு, என்ன சொல்லுது, நாலு பக்கம் எழுதிக் குடுங்க. காலேஜ் பாஷை வேணாம்."

எழுதிக் கொடுத்தேன். இம்மதத்தைத் தோற்றுவித்தவர் என்று ஒருவர் இல்லை. 'இந்து' என்பதே சிந்து நதிக்கு அப்பால் இருந்தவர்கள் இப்பக்கத்தாரைச் சுட்டிய சொல். வேதத்தின் பழைய பாடல்கள் தீயையும் விடியலையும் மழையையும் அழைப்பவை. அவற்றில் கோயில் இல்லை. கோயில் பின்னர் வந்தது. அதற்கு விதி சொல்லும் ஆகமம் அதனோடு வந்தது. உபநிடதம் விடையைக் காட்டிலும் கேள்வியை மதித்தது. காவிரிக்கரைப் பக்திப் பாடல்கள், எங்கும் உள்ளவனை இந்த ஊரில், இந்த மரத்தடியில் உள்ளவனாக்கின. பிடாரி இவை எதற்கும் காத்திராமல் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

வந்திருப்பது ஒன்றரைப் பக்கம். தலைப்பு: 'உலகின் முதல் மதம் – விஞ்ஞானிகள் வியப்பு'. கீழே என் பெயர், பட்டங்களுடன்.

அழைத்தேன்.

"எந்த விஞ்ஞானி?"

"பொதுவாச் சொல்றதுதாண்ணே."

"தோற்றுவித்தவர் இல்லைன்னு எழுதியிருந்தேனே?"

"மத்தவங்களுக்கெல்லாம் ஒருத்தர் இருக்காரு. நமக்கு யாருமில்லன்னு மலர்ல போட்டா அனாதை மாதிரி இருக்காதா?"

மெய்யியல் கற்பித்தே தலை நரைத்தவன் நான். இந்த வாதத்தை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.


ஆனி 13, வெள்ளி

வெயில். முருங்கைக்காய் விலை கேட்டு மனைவி வசந்தா வெறுங்கையோடு திரும்பிவிட்டாள்.

அச்சுப்படியை முழுவதும் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

சிலை மாற்றுவது பற்றி நான் எழுதியவை இரண்டு வாக்கியங்கள். ஒன்று: 'பழுதுபட்ட படிமத்தை அகற்றிப் புதியது நிறுவலாம் என்பது ஆகம விதி.' அடுத்தது: 'ஊர்க்காவல் தெய்வத்தின் கல் எவராலும் மந்திரம் சொல்லி நிறுவப்பட்டதன்று, ஆதலின் அவ்விதி அதற்குப் பொருந்தாது.' முதல் வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். இரண்டாவதைக் காணோம்.

காரணம் இருக்கிறது. மழுங்கிப்போன பழைய பிடாரிக் கல்லை எடுத்துக் காவிரியில் விட்டுவிட்டு, மாமல்லபுரத்திலிருந்து வந்த நான்கு கைச் சிலையை வைக்கப் போகிறார்கள். தெற்குத் தெருக்காரர்கள் முணுமுணுத்தார்களாம். "பேராசிரியரே எழுதிட்டாரு, பாருங்க" என்று என் வாக்கியத்தைக் காட்டி வாயை அடைத்தானாம். இதைப் பெருமையாக என்னிடமே சொன்னான்.

இரவு உணவின்போது வசந்தா: "அந்தக் கோயில் வாசலை மிதிச்சு எத்தனை காலமாச்சு உங்களுக்கு? இப்ப என்ன திடீர்னு?"

நான் கும்பிடுவதில்லை என்பது உண்மை. கும்பிடாதவன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறவர்களின் சாமியை அப்புறப்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. சொன்னேன்.

"ரசம் ஆறுது" என்றாள்.


ஆனி 15, ஞாயிறு

திருக்காட்டுப்பள்ளி வரை பேருந்தில் நின்றுகொண்டே. ஓட்டுநர் பாட்டை நிறுத்தவே இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது; செம்மண் நிறம். ஊரில் எங்கும் குறுவை நடவு.

கோயில் முன்னால் பூசாரி மாரிமுத்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பின்னால் மறைத்தார். என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவர். பிடாரியைத் தொட்டுக் குளிப்பாட்டி மஞ்சள் பூசும் உரிமை அவர் குடும்பத்தினுடையது. இவர் நொந்துபோயிருப்பார் என்று நினைத்து ஆறுதல் சொற்களுடன் போயிருந்தேன்.

"புதுசு பாத்தீங்களா சார்? ராமு அண்ணன் மாட்டுக் கொட்டாயில வைக்கோல் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க. என்னா களை! மூக்கு, முழி, பல்லு எல்லாம் தனித்தனியாத் தெரியுது."

"பழைய கல்லை ஆத்துல விடப் போறாங்களே, மாரிமுத்து."

"வருத்தந்தான். ஆனா அதுல எது மூஞ்சி எது முதுகுன்னே தெரியாது சார். எங்கப்பா ஒரு பக்கம் பொட்டு வச்சாரு, நான் அதே பக்கம் வைக்கிறேன். அவ்வளவுதான்."

தெய்வத்தின் உருவமின்மை குறித்து நான் வகுப்பில் எடுத்த பாடங்களை நினைத்துக்கொண்டேன்.

"புதுசுக்கு யாரு பூசை?" என்று கேட்டேன்.

"நாந்தான். வேற யாரு?"

அவருக்குச் சொல்லவே இல்லை. அந்தச் சிலை ஆகம முறைப்படி நிறுவப்படும்; கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் இளம் குருக்கள்தான் இனித் தொடுவார். மாரிமுத்துவுக்கு வாசல் கூட்டவும் மணி அடிக்கவும் அனுமதி. கமிட்டித் தீர்மானம். ராமு காலையில் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "பக்குவமா நீங்களே சொல்லிடுங்கண்ணே, உங்களுக்குத்தான் பேச வரும்" என்றிருந்தான்.

சொன்னேன். பக்குவமாக இல்லை.

பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். பிறகு, "அவளுக்கு வெந்நீர்தான் ஊத்தணும் சார். மார்கழியில பச்சத்தண்ணி ஊத்துனா ஆகாது. அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

குருக்களைப் பார்த்தேன். மரியாதையான பையன். "பாலாலயம் பண்ணியாச்சு, சார். கல்லுல இருந்த சக்தியக் கும்பத்துக்கு மாத்தியாச்சு. இப்போ அது வெறும் கல்லு. எடுக்கறதுல தோஷமில்லே."

"மந்திரம் சொல்லி உள்ளே வைக்காத ஒன்றை மந்திரம் சொல்லி எப்படி வெளியே எடுத்தீர்கள்?"

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "எங்க அப்பாவக் கேக்கணும் சார்" என்றான். இந்த ஊரில் இன்று எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விடை.


ஆனி 17, செவ்வாய்

காலையில் தூறல். செருப்பு வார் அறுந்தது. மீண்டும் ஊர்.

தெற்குத் தெருவில் முணுமுணுப்பு அடங்கவில்லை. மாரிமுத்து சோறு தண்ணீர் இல்லாமல் படுத்திருப்பதாகப் பேச்சு. எனவே ராமு ஒரு வழி கண்டுபிடித்தான். பூக் கேட்பது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, தனித்தனிப் பொட்டலம். வெற்றிலையில் மடித்து ஒன்றுபோல் நூல் சுற்றி அம்மன் முன்னால் குலுக்கிப் போடுவது. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், கல்லை எடுக்கலாம். சிவப்பு வந்தால் எடுக்கக் கூடாது.

"எதுக்கும் ஒரு தடவை அவகிட்டயே கேட்டுடுவோம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தான்.

அவகிட்டயே.

எழுந்து நின்றேன். நிதானமாகத்தான் பேசினேன், கோபம் மிகும்போது எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். "இக்கல்லில் அம்மன் இல்லை என்பதால்தான் இதை அகற்றலாம் என்கிறீர்கள். அம்மன் இல்லாத கல்லிடம் அனுமதி கேட்பது எவ்வாறு? கேட்பது சரியென்றால் அவள் இருக்கிறாள். இருக்கிறாள் என்றால் உங்கள் பாலாலயம் பொய். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்."

"அண்ணே, கிளாஸ் எடுக்காதீங்கண்ணே" என்றான் ராமு, ஒலிபெருக்கியிலேயே.

ஊரே சிரித்தது. பின்வரிசையில் ஒரு பெண்: "வாத்தியாரு வீட்டுல வசந்தாக்காவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன்.

குருக்கள் ஒதுங்கிக்கொண்டான். "பூ கேக்கறது எங்க பத்ததியில இல்லே. அது உங்க வழக்கம், நீங்க பண்ணுங்கோ."

மாரிமுத்து எழுந்து வந்தார். குளித்து, ஈர வேட்டியுடன். கல்லின் முன்னால் மண்டியிட்டார். எடுத்தார். ராமு பிரித்தான்.

வெள்ளை.

மாரிமுத்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையாலேயே.

ராமு வெற்றி கொண்டாடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவன் முகமும் வெளிறியிருந்தது. "சரி, உத்தரவாயிடுச்சு. டிராக்டரக் கொண்டாங்கப்பா" என்றான்.

டிராக்டர் ஜாபருடையது. திருக்காட்டுப்பள்ளிக்காரர், ஊருக்கெல்லாம் உழவு ஓட்டுபவர். கயிறும் சாக்கும் கொண்டுவந்து கல் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார்.

"தெரியாமத்தான் கேக்குறேன், ராமுண்ணே. எடுக்கலாம்னு யாரு சொன்னது?"

"அம்மன்தான்யா. வெள்ளைப்பூ வந்துச்சே, பாக்கலியா?"

"பாத்தேன். எந்த அம்மன்? கொட்டாயில படுத்திருக்கே, அதா?"

"அதுக்கு இன்னும் கண்ணே தொறக்கலியே."

"அப்ப இதுதான் சொல்லுச்சா?"

ராமு கல்லைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்ற ஒண்ண என் வண்டியில ஏத்தி ஆத்துல போடச் சொல்றீங்க" என்றார் ஜாபர். "நாளைக்கி நான் இதே கரையிலதாண்ணே வண்டி ஓட்டணும்." கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் கருத்தளவில் மயிரிழை வேறுபாடு கிடையாது. என்னைப் பார்த்துச் சிரித்த அதே பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, பேசிட்டியா" என்று அழுதாள். தெற்குத் தெரு முழுக்கக் குலவை. கமிட்டிப் பொருளாளர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் விழுந்தார். குருக்களும் கைகூப்பினான்.

போகச் சம்மதம் என்று அவள் சொன்னதாக வைத்துக்கொண்டால், அந்தச் சம்மதத்தை மதித்தவர் ஒருவர்கூட இல்லை. பேசினாள் என்பது போதும். என்ன பேசினாள் என்பது எவருக்கும் வேண்டியிருக்கவில்லை.

கல் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய சிலை முன்மண்டபத்தில். பூசை?

"ரெண்டையும் குருக்களே பாத்துக்கட்டும்ணே. ஒரே மாதிரி இருக்கும்" என்றான் ராமு. மாரிமுத்து காதில் விழும்படியே சொன்னான். கல் தப்பியது, மனிதன் தப்பவில்லை.


ஆனி 18, புதன்

தலைவலி. கல்லூரிக்குப் போகவில்லை. செருப்புத் தைக்கக் கொடுத்தேன். இன்வெர்ட்டர் இன்னும் அப்படியே.

வசந்தாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. "நீங்க பேசறப்ப சிரிச்சாங்களாமே?"

"ஆமாம்."

"நீங்க சொல்றது சரியாத்தாங்க இருக்கும். கேக்குறவங்களத்தான் நீங்க பாக்குறதில்ல."


ஆனி 21, சனி

நல்ல காற்று. விடைத்தாள் ஒரு கட்டு முடிந்தது. ஒரு மாணவன் வேதங்கள் ஐந்து என்று எழுதியிருக்கிறான், ஐந்தையும் பெயரோடு.

பிற்பகல் ராமுவிடமிருந்து மலரின் புதிய பக்கம். தலைப்பு: 'இடம் பெயர மறுத்த பிடாரியம்மன் – கண்கண்ட அற்புதம்'. அதன்படி செவ்வாயன்று வானம் இருண்டது. டிராக்டர் தானாக நின்றது. பல்லி மூன்று முறை சொன்னது. சிவப்புப் பூ வந்தது.

அழைத்தேன்.

"வெள்ளைப் பூதானே வந்தது?"

"அது எல்லாருக்கும் தெரியும்ணே."

"பிறகு ஏன் சிவப்பு?"

"தெரிஞ்சத எதுக்கு எழுதணும்? பின்னாடி படிக்கிறவனுக்குக் குழப்பமா இருக்கும். வெள்ளை வந்துச்சு ஆனா எடுக்கலன்னா, ஏன்னு கேப்பான்."

"ஜாபர் எங்கே? அவர் பெயரே இல்லையே."

"அந்தாளே வேணாம்னுட்டாருண்ணே, அவரு வீட்டுல சத்தம் போடுவாங்களாம். கொஞ்சம் நல்ல தமிழ்ல மாத்திக் குடுங்க. சாயந்தரம் அச்சுக்குப் போவுது."

தலபுராணங்கள் எக்காலத்தில் எவ்வாறு தோன்றின என்று கருத்தரங்குகளில் வாதிட்டிருக்கிறேன். இப்போது ஒன்றுக்கு நாள் தெரியும், கிழமை தெரியும், எழுதியவனின் கைப்பேசி எண்ணும் தெரியும். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் நேரில் கண்டதைப் பொய்யாக்குகிற தாளில் கை வைக்க முடியாது.

மாலை நான்கு. காப்பி. மாரிமுத்துவின் வெந்நீர் நினைவுக்கு வந்தது.

இடைச்செருகலை இனங்காணும் முறை என்று முதுகலை வகுப்புக்கு ஒரு பாடம் எடுப்பதுண்டு. எந்த வரியை நீக்கினாலும் கதை குலையாதோ, எந்த வரியால் ஒருவருக்கு மட்டும் ஆதாயம் உண்டோ, அந்த வரியைச் சந்தேகியுங்கள் என்பேன்.

பல்லிக்கும் சிவப்புப் பூவுக்கும் நடுவில் ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பினேன்: 'அவ்வமயம் அன்னை, "வழிவழியாய் என்னைத் தொட்ட கையன்றிப் பிறர் கை தீண்டின் இவ்வூரில் தங்கேன்" எனப் பூசாரியின் வாய்மொழியாய் அருளினாள்.'

உடனே பதில் வந்தது. "சூப்பர்ணே. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கமிட்டிக்கும் படிச்சுக் காட்டிட்டேன், மாரிமுத்துவே பூசை பண்ணட்டும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஆனா இது எப்ப சொன்னிச்சு? நான் கவனிக்கலியே."

நீ டிராக்டர் பக்கம் போயிருந்தபோது என்று பதில் அனுப்பினேன்.