வண்டிக்கு ஓர் அறை

முருகன் துணை

ரெங்கம்,
20-2-1926

ஆசைத் தங்கை கிருஷ்ணம்மாவுக்கு அக்கா சந்திரமதி எழுதுவது.

நீ உலு திராம் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்து நிம்மதியானேன். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. செல்வராணி, "சின்னம்மாதான் சோறு ஊட்டணும்" என்று வேளைக்கு வேளை என் உயிரை வாங்குகிறாள். பெற்றவள் நான், பேர் உனக்கு! பேச்சியம்மாள் அத்தைக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? வயசான காலத்தில் நம் அப்பாவோடு பிறந்தவளுக்கு நம்மை விட்டால் யார்? கூடவே இருந்து பார்த்துக்கொள்.

சரி, பெரிய சேதிக்கு வருகிறேன். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள். உன் அத்தான் மோட்டார் வண்டி வாங்குகிறார்! சிங்கப்பூருக்கே போய் முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார். பச்சை நிறமாம், நாலு கதவாம். ரப்பர் விலை ஏறியதிலிருந்து நம் மளிகைக் கடையில் நிற்க இடமில்லை என்பது உனக்கே தெரியும். ரெங்கத்தில் எஸ்டேட் துரைக்கும் சீன முதலாளி தவுக்கேவுக்கும் அடுத்தபடி நம் வீட்டில்தான் வண்டி நிற்கப்போகிறது.

வீட்டில் மராமத்து ஆரம்பித்தாயிற்று. எங்கே பார்த்தாலும் தூசி. உனக்கு இருமல் வேறு. ஒரு மாசம் என்று சொல்லித்தான் அனுப்பினேன், இன்னும் ஒரு மாசம் அத்தையோடு இருந்துவிட்டு வாயேன்.

உன் பிரியமுள்ள அக்கா,
சந்திரமதி

உலு திராம்,
28-2-1926

அன்புள்ள அக்காவுக்கு,

சைக்கிள் மணி அடித்தாலே சாக்கடைப் பக்கம் ஒதுங்கி நிற்கும் நம் அத்தானா மோட்டார் வாங்குகிறார்? அலமாக்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்னடி, கடுதாசியைப் படிச்சிட்டுத் தானா சிரிக்கிறே, புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்று அத்தை ஓடி வந்தாள். சேதியைச் சொன்னதும் அவளும் சேர்ந்து சிரித்தாள். யார் ஓட்டுவது அக்கா? அத்தான் ஓட்டினால் நான் ஏறமாட்டேன். ஆள் வைத்து ஓட்டினால், செல்வராணியை மடியில் வைத்துக்கொண்டு ரெங்கம் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

ஓடி வந்தாள் என்று எழுதினேனே, கவனித்தாயா? அத்தைக்குக் கால்வலி என்று ஒன்றுமே இல்லை. ரயிலிறங்கிப் பஸ் பிடித்துப் போன என்னை அழைக்க, பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தவள், என் மூட்டையையும் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். "வலியா? எனக்கா? எவ சொன்னா?" என்று என்னையே கேட்கிறாள். நீ யார் பேச்சைக் கேட்டு என்னை அனுப்பினாய்?

மராமத்து என்கிறாயே தவிர எந்தச் சுவர் என்று எழுதவில்லை. என் அறைச் சன்னலைப் பகலில் கொஞ்சம் திறந்து வை. அடைத்தே கிடந்தால் மெத்தையெல்லாம் பூசணம் பிடித்துவிடும்.

உன் தங்கை,
கிருஷ்ணம்மா

முருகன் துணை

ரெங்கம்,
11-3-1926

ஆசைத் தங்கைக்கு,

இங்கே நடக்கிற கூத்தை நீ பார்க்க வேண்டும். சீனத் தச்சன் இரண்டு ஆட்களோடு வந்து ரோட்டுப் பக்கத்துச் சுவரை இடித்து, இரட்டைக் கதவு மாட்டினான். மாட்டிய அன்று சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்தவில்லை. கழற்றி இழைத்து மறுபடி மாட்டினார்கள். அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டாயிற்று. முதல் மழைக்கே ஆணி அடித்த ஓட்டையெல்லாம் ஒழுக, உன் அத்தான் தார்ச் சட்டியோடு தானே கூரை ஏறிவிட்டார். இறங்கும்போது மூக்கு நுனியெல்லாம் தார்! தரைக்குச் சிமெண்டு பூசி, எண்ணெய் வடிய நடுவில் ஒரு வாய்க்காலும் விட்டிருக்கிறார்கள். நான் வாய் தவறிக் கொட்டகை என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. "கொட்டகையா? மாடா கட்டப் போறேன்? கராஜ்னு சொல்லு" என்கிறார். ராத்திரி படுத்துக்கொண்டு நானும் சொல்லிப் பழகுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். ரோட்டைப் பார்த்த அறை என்று நம் வீட்டில் இருந்தது உன் அறை ஒன்றுதானே, கிருஷ்ணா. உன் பெட்டியையும் மெத்தையையும் அரிசி மூட்டை அடுக்கும் அறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. "வண்டி வந்து சேரட்டும், அவளுக்கும் ஒரு வழி பண்ணலாம்" என்று சொல்லியிருக்கிறார். அத்தைக்குக் கால்வலி என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். நான் நம்பினேன்.

உன் அக்கா,
சந்திரமதி

உலு திராம்,
18-3-1926

அக்காவுக்கு,

அந்த அறை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாதா? அத்தான் கடை வைத்த புதிதில் கை உதவிக்கு ஆளில்லை என்று நீ கூப்பிட்டாய். எஸ்டேட் வேலையை உதறிவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் வந்தோம். பகலெல்லாம் உங்கள் கடைக்கு மூட்டை சுமந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அவர் மண் குழைத்து வைத்த சுவர் அது. அவர் காய்ச்சலில் கண்ணை மூடியதும் அதற்குள்ளேதான். அவர் போன பிறகும் அதில்தான் படுத்து எழுந்து உங்கள் கடைக்கு மிளகாய் இடித்தேன். அந்த நெடியில் வந்த இருமல்தான் இது. இடிப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அக்கா! நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? கேட்கவேண்டிய ஆள் என்றுகூட என்னை நினைக்கவில்லையே, அதுதான் வயிறு எரிகிறது.

சரி, இடித்தது இடித்ததுதான். அடுப்படி மூலையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். நான் எப்போது வீட்டுக்கு வரட்டும் என்று மட்டும் எழுது. அத்தை எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டால் இங்கே பேசக்கூட ஆளில்லை. செல்வராணி கண்ணுக்குள்ளேயே நிற்கிறாள்.

வண்டி எப்போது வருகிறது? இவ்வளவு கோபத்திலும் அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, போ.

கிருஷ்ணம்மா

முருகன் துணை

ரெங்கம்,
14-4-1926

ஆசைத் தங்கைக்கு,

நேற்று வருஷப் பிறப்புக்கு வடை பாயசம் எல்லாம் செய்தேன். நீ இல்லாமல் எதுவும் ருசிக்கவில்லை.

வருகிற 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது! நாங்கள் சிங்கப்பூருக்குப் போய் அதிலேயே ஏறிப் பாலம் தாண்டி வருகிறோம். ஜொகூர் பாருவில் மாரியம்மன் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அங்கிருந்து நேரே ரெங்கம். மூர்த்தி என்று ஒரு பையனை டிரைவராகப் பேசியிருக்கிறார். எனக்கு அரக்குப் பட்டு. ஆலாத்தித் தட்டை எப்படிப் பிடிப்பது என்று செல்வராணி எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கராஜ் கதவுக்கு இப்போதே மாவிலை கட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறார். அதற்குள் காய்ந்துவிடாதா?

நீ வெயிலில் அலைந்து கோயிலுக்கு வர மெனக்கெடாதே. வண்டி கொஞ்சம் ஓடிப் பழகியதும் ஒருநாள் நாங்களே அதில் உலு திராம் வந்து உன்னைப் பார்க்கிறோம்.

உன் அக்கா,
சந்திரமதி

உலு திராம்,
25-4-1926

அக்காவுக்கு,

"பார்க்கிறோம்" என்றுதான் எழுதியிருந்தாய், "அழைத்துப் போகிறோம்" என்று எழுதவில்லை. படித்தபோதே உறைத்தது. அப்படியும் மனசு கேட்கவில்லை. செல்வராணிக்கு அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு, அத்தையோடு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கோயில் முக்கு திரும்பியதும் வண்டி தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான வண்டி. சக்கரத்தடியில் பழம் வைத்தாயிற்று, மூர்த்தி ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நேர் எதிரே ஓடி வந்தேன். அப்போது அத்தான் போட்ட சத்தம் இருக்கிறதே!

"நிறுத்து, நிறுத்து! மூர்த்தி, எடுக்காதே! நல்ல நேரம் பார்த்து வந்து நிக்கிறா பாரு. பூசாரி, அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுட்டு வேற பழம் வைங்க."

பழத்தை மாற்றினார்கள். அதோடு விட்டாரா? ஓரமாக உட்கார்ந்திருந்த பூக்காரியைக் கூப்பிட்டார்.

"யம்மா, நீங்க கொஞ்சம் வண்டிக்கு எதிர்ல நடந்து போங்க."

"எதுக்குங்க தவுக்கே?"

"சும்மா நடங்க, சொல்றேன்."

நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவள் நடந்தாள். யார் பெற்ற பெண்ணோ, ஊரென்ன, பேரென்ன ஒன்றும் தெரியாது. அவள் முகம் ஆகிறது. என் முகம் ஆகவில்லை. என்னை யாரும் தள்ளவில்லை, நானே மதிலோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அத்தைதான் தாங்கமாட்டாமல் அத்தானைப் பார்த்துக் கத்தினாள். "டேய் லெட்சுமணா, இவ புருஷன் முதுகுல மூட்டை ஏத்தி வளர்ந்த கடைடா அது! அந்தக் காசுல வந்த வண்டிடா!" அவர் வண்டியை எடுக்கச் சொல்லி மூர்த்திக்குக் கையை ஆட்டினார். செல்வராணி என்னைப் பார்த்துவிட்டு "சின்னம்மா!" என்று எம்பினாள். நீ அவள் தலையைப் பிடித்து உன் பக்கம் திருப்பிக்கொண்டாய். வண்டி போய்விட்டது. அதிரசத்தைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அறை வேண்டும் என்பதற்காக மட்டும் நீங்கள் என்னை அனுப்பவில்லை. புது வண்டி வருகிற வேளையில் தாலி அறுத்தவள் வீட்டில் நிற்கக் கூடாது என்றுதானே அனுப்பினீர்கள்? அது உனக்கும் தெரியும்தானே? இல்லை என்று எழுது அக்கா. நீ எழுதினால் நம்பிவிடுகிறேன்.

கிருஷ்ணம்மா

முருகன் துணை

ரெங்கம்,
9-5-1926

என் கண்ணே கிருஷ்ணா,

இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கால்வலி என்றதை நம்பினேன் என்று முன்னால் எழுதியதும் பொய்தான். "காசைக் கொட்டி வாங்குறேன், அவ எதிர்ல வந்து நிக்கக் கூடாது, எங்கேயாவது அனுப்பி வை" என்று அவர் சொன்னபோது, சண்டை வேண்டாமே என்று தலையாட்டினேன். கோயிலில் என் கையில் ஆலாத்தித் தட்டு. நான் என்ன செய்வேன், சொல்லு? கட்டியவரை நடுத்தெருவில் எதிர்த்துப் பேசிவிட்டு எந்த வீட்டுக்குப் போவேன்?

ஆனால் திரும்பி வந்து நான் சும்மா இருக்கவில்லை. அடுப்பு மூட்டாமல் படுத்துவிட்டேன். செல்வராணியும் என்னோடு சேர்ந்து அழுதாள். கடைசியில் அவர் இறங்கி வந்துவிட்டார்! நீ வரலாம். அடுப்படியில் படுக்க வேண்டாம், அங்கே புகை உனக்கு ஆகாது. கராஜில் வண்டி நிறுத்தியது போகப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற இடம் இருக்கிறது. அதைத் தட்டி அடித்து மறைத்துத் தருகிறேன் என்கிறார். எண்ணெய் வாடை கொஞ்சம் இருக்கும், பழகிவிடும். பெட்ரோல் டின்னையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லிவிட்டேன். காலையில் வண்டி கிளம்பி ரோட்டில் திரும்புகிற வரைக்கும் மட்டும் நீ தட்டிக்கு உள்ளேயே இருந்துகொள்ள வேண்டும். அப்புறம் பகல் முழுக்க அது உன் இடம்தான். உன் பழைய இடம்தானே!

இதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு அந்த முருகனுக்குத்தான் தெரியும். உடனே புறப்பட்டு வா. தச்சனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
சந்திரமதி

உலு திராம்,
17-5-1926

அக்காவுக்கு,

உன் கடுதாசியை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டினால் ரெங்கத்துக்கே வந்து சண்டை போடுவாள்.

நீ பட்டினி கிடந்தது எனக்காகத்தான் என்று தெரிகிறது. அதனால்தான் இன்னும் தாங்க முடியவில்லை. பட்டினி கிடந்து, அழுது, சண்டை போட்டு, உன் கூடப் பிறந்தவளுக்கு நீ வாங்கிக் கொடுத்த இடம் வண்டிக்குப் பின்னால். அதையும் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அத்தான் பழத்தை மாற்றியதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எனக்கு மறந்துவிட்டது. அவர் புத்தி அவ்வளவுதான். நீ பிள்ளையின் தலையைத் திருப்பினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே பிள்ளைக் கொட்டகையில் அத்தையோடு எனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இருட்டோடு இருட்டாக ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் கையில் தூக்கிக் கொடுக்கிறார்கள். விடிந்து அந்தப் பிள்ளைகள் கண் விழித்தால் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். இதுவரைக்கும் ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என் பெட்டியை ரயிலில் ஏற்றி அனுப்பு. மெத்தை வேண்டாம். என்னைப் பார்க்க வேண்டும் போல் இருந்தால் செல்வராணியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வா. அந்த வண்டியில் வந்தால் நான் வெளியே வரமாட்டேன். இனிமேல் ரெங்கத்துக்கு என்னிடமிருந்து கடுதாசியும் வராது, எதிர்பார்க்காதே.

தச்சனைத் திருப்பி அனுப்பிவிடு, தட்டி அடிக்க வேண்டாம். அந்த இடத்திலும் வண்டியே நிற்கட்டும்.

கிருஷ்ணம்மா