நீ தூக்கிய கை

அலுமாரிக்கு மேலிருந்த டோலக்கை இன்றைக்குத்தான் இறக்கினேன். நான்கு மாதத் தூசி. உன் பழைய ரோஸ் நிறச் சேலையைக் கிழித்து நீ தைத்துத் தந்த உறை அப்படியே இருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் தோலும் பூச்சி உருண்டையும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. அதற்குள்ளே நீ தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய் வாசனையும் இருப்பதாக எனக்குப் பட்டது. இருந்திருக்காது. துவைத்த பிறகுதான் தைத்தாய், எனக்குத் தெரியும். ஆனாலும் உறையை மூக்கில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் ஷர்மிளா நின்றுகொண்டிருந்தாள். தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை, உன் செல்லம். நீ போன பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்து, "டீச்சர், இன்னிக்கி ஆட்டம் இருக்கா?" என்று கேட்கிறாள். ஒரு வாரம் தலைவலி என்றேன். ஒரு வாரம் முழங்கால். மற்ற வாரங்களைக் கோவில் வேலை என்று ஓட்டினேன். பொய்க்கும் ஒரு அளவு உண்டு, இன்றைக்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, இதே வாசலில் நின்றுதான் நீயும் என்னைக் கூப்பிட்டாய். வெளிநாட்டில் ஏழு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு எல்கடுவைத் தோட்டத்துக்கு நீ திரும்பி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "ஸ்டெல்லா, நீ மாதா கோவில்ல டோலக் அடிக்கிறதானே. சனிக்கிழம வந்து எனக்கு அடி" என்றாய்.

"நாப்பது வயசுல உனக்கு ஆட்டம் கேக்குதா?"

"எனக்கில்லடி, நம்ம புள்ளைங்களுக்கு. பஸ்ல கண்டக்டர் எங்க போகணும்னு கேட்டாக்கூட வாயத் தொறக்காம குனிஞ்சிக்கிட்டு நிக்கிதுங்க. பாத்தா எனக்கு வயிறு எரியுது."

அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தால் பஸ்ஸில் வாய் திறப்பார்களா என்று நான் கேட்டேன். "மொதல்ல நிமிரட்டும், வாய் தானா தொறக்கும்" என்றாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா? வந்தேன்.

நான் வேலை செய்யும் பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய மண்டபத்தைக் கேட்டு வாங்கினாய். காலையில் தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போகும் குழந்தைகள் அழும் சத்தம் சுவரைத் தாண்டி அங்கே கேட்கும். சனிக்கிழமை பின்னேரம் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு அந்த இடம் நமக்கு. தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோலிக்குண்டை வைத்தால் மூலைக்கு ஓடும். யாராவது அடி தவறினால் நீ, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீங்க சொன்னா நான் நம்புவேன், நம்ம கூடம் நெசமாவே கோணல்" என்பாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கும்மியில் தொடங்கினாய், கோலாட்டத்துக்குப் போனாய், பிறகு அவர்கள் போனில் பார்த்த ஆட்டத்தையும் உள்ளே விட்டாய். ஆறு பேர் பத்தொன்பது பேர் ஆனார்கள். டவுனிலிருந்து இரண்டு முஸ்லிம் பிள்ளைகளும் பஸ் பிடித்து வந்தார்கள். "ஆடிக்கிட்டுத் திரிஞ்சா அடுப்பு எரியுமா?" என்று லயத்தில் கேட்டவர்களுக்கு நீ பதிலே சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் கோபம் வரும்.

உன் ஆட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஆடிக்கொண்டிருக்கும்போது யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். கை ஏறினால் எல்லாரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், நீயும் நானும்கூட. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தூக்கியவர் தானாகக் கையை இறக்கினால்தான் திரும்பவும் ஆட்டம், அதுவும் விட்ட இடத்திலிருந்து.

எனக்கு அந்தச் சட்டத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. தாளம் ஏறி வரும்போது நடுவில் அறுப்பதென்றால் சாப்பிடுகிறவள் கையிலிருந்து சோற்றைத் தட்டிவிடுவது போல. சண்டை போட்டேன். அன்றைக்குத்தான் பீலியடியில் கொட்டும் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே நீ சொன்னாய்: "அங்க ஏழு வருஷம்டி. ஒரு நாள்கூட 'போதும்'னு நான் சொன்னதில்ல. சொல்லலாம்னே எனக்குத் தெரியாது." அதற்கு மேல் அந்த வீட்டைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சண்டையை விட்டுவிட்டேன்.

முதல் ஒரு மாதம் ஒருவரும் கை தூக்கவில்லை. கால் சுளுக்கியவள்கூட நொண்டிக்கொண்டே ஆடினாள். பிறகு ஒருநாள் தினேஷ் தூக்கினான். எல்லாரும் நின்றோம். அவன் மெதுவாக வெளியே போனான், ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான், தன் இடத்தில் நின்று கையை இறக்கினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீயோ அவன் பரீட்சை பாஸ் பண்ணியது போல முகமெல்லாம் பூரித்து நின்றாய்.

ஷர்மிளா கதையை எத்தனை தடவை சொல்லியிருப்போம். அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்ப ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான். தேத்தண்ணி குடித்தாயிற்று, எப்போது புறப்படுவது என்று பேச்சு நடக்கிறது. இவள் சுவரோரம் நின்றவள் திடீரென்று கையைத் தூக்கிவிட்டாள். அவள் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாடி, கை வலிக்குதா?" என்று கேட்டாராம். "இல்லப்பா, நிப்பாட்டுங்க. எனக்குப் போக விருப்பமில்ல. நான் படிக்கணும்" என்றாளாம். வந்தவன் அப்படியே எழும்பிப் போனான். இப்போது அவள் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். அந்தக் கதையைக் கேட்ட அன்று நீ மண்டபத்தின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பி, "என்ன வேடிக்க, ஆடுங்க" என்று அதட்டினாய்.

உன்னிடம் ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. பிள்ளைகள் மறந்துவிட்டார்களா என்று பார்க்க நீயே நடுவில் பொய்யாகக் கையைத் தூக்குவாய். கடைசி வரிசை ஓரத்தில் நின்று ஆடுவதுதான் உன் வழக்கம், அங்கிருந்து கை ஏறும். நிற்காமல் ஆடுகிறவனுக்கு அன்றைக்கு மண்டபம் கூட்டும் வேலை. பாதி நாள் அகப்படுவது நான்தான். நான் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டு அடிக்கிறவள். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். "என்னடி, பூசையிலயா இருக்க? வெளக்கமாத்த எடு" என்பாய்.

இனி எழுத வேண்டியதை எழுத வேண்டும்.

மாத்தளை டவுனில் பிள்ளைகள் முதன்முதலாக மேடை ஏறுவதற்கு முந்தைய நாள். மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் நான் டோலக்கை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கோலாட்டம் இரண்டு தடவை பிசகிவிட்டது, மூன்றாவது தடவைதான் ஒழுங்காக ஏறி வந்தது. காலடிகள் நின்றன. கண்ணைத் திறந்தேன். கடைசி வரிசையில் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய்.

பிள்ளைகள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அடித்துக்கொண்டே, "இன்னிக்கும் உன் சோதனையா? நேரம் போகுது, சும்மா நடிக்காம ஆடுடி!" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். கையை இறக்கிவிட்டு ஆடினாய்.

உன் மேலுதடு வியர்த்திருந்ததை நான் பார்த்தேன். குளிர் அடிக்கும் மழை நாளில் வியர்வை. இடது கையில் கோலைப் பிடிக்காமல் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்ததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பார்த்தேன், தாளத்தை விட மனமில்லாமல் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் பேசாமல் வந்தாய். களைப்பு என்று நினைத்தேன். மேடையில் பிள்ளைகள் ஒரு அடி தவறவில்லை. முன் வரிசையில் ஒரு சிங்கள அம்மா, "ஹரிம லஸ்ஸனய்" என்று, ரொம்ப அழகாம், எழும்பி நின்று கை தட்டினாள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரிடம் நம் பிள்ளைகளே நிமிர்ந்து நின்று டிக்கெட் கேட்டு வாங்கினார்கள். நீ அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், மேடையைப் பார்த்ததைவிட ஆசையாக.

செவ்வாய்க்கிழமை காலை பீலியடியில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இருதயம் என்றார் டாக்டர். மூன்று நான்கு நாளாகவே வலி இருந்திருக்கும், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று உன் அக்காவிடம் கேட்டாராம். அக்கா அதையே என்னிடம் கேட்டார்: "உன்கிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாளா ஸ்டெல்லா?"

"இல்லக்கா" என்றேன்.

பத்தொன்பது பிள்ளைகளுக்கு முன்னால் நீ என்னிடம் சொன்னாய். ஏழு வருடம் சொல்லத் தெரியாமல் இருந்தவள், பொய்க்கு எத்தனையோ தடவை தூக்கிய கையை, அன்றைக்கு ஒரே ஒரு தடவை உனக்காகத் தூக்கினாய். அதை நான் இறக்க வைத்தேன். இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

உன்னைத் தூக்கிய அன்று மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். பெட்டி லயத்து வாசலைத் தாண்டும்போது தினேஷ் கையைத் தூக்கினான். அடுத்து ஷர்மிளா. பிறகு பத்தொன்பது பேரும். பாதை நடுவில் நின்ற பிள்ளைகளை மேளக்காரர்கள் சுற்றிக்கொண்டு அடித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்கு நம் சட்டம் எப்படித் தெரியும்? ஓடிப்போய், "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்று சொல்ல அங்கே ஒருத்திதான் இருந்தாள். நான் போகவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து டோலக்கை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

இன்றைக்கு, உன்னை அக்கா என்று கூப்பிடும் ஷர்மிளாவிடம் சொன்னேன். எத்தனை நாள்தான் ஒளிப்பது? "அன்னிக்கி அக்கா கையத் தூக்கினப்ப நான் நிப்பாட்டல புள்ள. நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு உங்க முன்னுக்கு வந்து ஒக்காருவேன்?"

"தெரியும் டீச்சர். நாங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னோம்."

நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அக்கா கைய எறக்கினதும் நாங்களும்தான் ஆடினோம். தினேஷ் இன்னும் அதச் சொல்லிச் சொல்லி அழுவுறான். நீங்க வாங்க டீச்சர். நீங்க அடிச்சாத்தானே எங்களுக்கு நிப்பாட்ட முடியும்."

இந்தப் பிள்ளைகளும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்று நான்கு மாதமாக எனக்குத் தோன்றவேயில்லை, பார். என் துக்கத்திலும் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். எழும்பி முகம் கழுவிக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். தரையைக் கூட்டி வைத்திருந்தார்கள். கடைசி வரிசை ஓரத்தில் உன் இடத்தை யாரும் சொல்லாமலே விட்டு நின்றார்கள். டோலக் வாரை இழுத்துக் கட்டினேன், நான்கு தட்டுத் தட்டினேன். கும்மிதான், நீ முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. இரண்டாவது சுற்று ஏறும்போது என்னால் முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் செய்யாததைச் செய்தேன். டோலக்கிலிருந்து வலது கையை எடுத்து மேலே தூக்கினேன்.

எல்லாரும் நின்றார்கள். ஒரு கால் அசையவில்லை. ஏன் என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. நான் அழுதேன், நீ போன அன்றைக்கு அழாததையும் சேர்த்து. தினேஷும் அழுதான், நின்ற இடத்திலேயே. கை வலிக்கும்வரை வைத்திருந்தேன். அவர்கள் காத்திருந்தார்கள். இவ்வளவுதான் நீ என்னிடம் கேட்டது.

பிறகு நானாகக் கையை இறக்கினேன். விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள்.

உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போவேன். ஏசினால் ஏசட்டும், வாசலில் நின்று கேட்டுக்கொள்வேன். நீ என்னை மன்னித்தாயா என்று கேட்க எனக்கு வழியில்லை. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பை வைத்துக்கொண்டு மன்னித்தாய் என்று நினைக்கவும் பார்க்கிறேன், முடியவில்லை. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொல்கிறது.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு அடிக்கிறேன். தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு வரிசையாக, கைகளைப் பார்த்துக்கொண்டு. கடைசி வரிசை ஓரத்தில் நீ இல்லாத அந்த இடத்தையும் பார்க்கிறேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்கிறேன். அங்கே ஒரு கை ஏறட்டும், இந்தத் தடவை நிப்பாட்டுகிறேன்.