மணி அடிக்காத மாலை

பிப்ரவரி 9, ஞாயிறு

முழுப் பன்றி! மூப்பர் சவேலியோவும் இன்னும் நாலு பேரும் தூக்க முடியாமல் தூக்கி வந்து பின்கட்டில் இறக்கினார்கள். ஞாயிறு சாப்பாடு ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வருவது வழக்கம்தான். சேப்பங்கிழங்கு வரும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரை வரும், மீன் டின் வரும். போதகர் வீட்டு வயிறு ஊரின் பொறுப்பு. ஆனால் முழுப் பன்றி என்றால் பின்னால் ஏதோ காரியம் நடந்து வருகிறது என்று அர்த்தம்.

வந்தது தௌலாபோ. ஊர்ச்சபையின் பெரிய தலைவர். ஏப்ரல் தேர்தலில் நிற்கிறாராம்.

“கப்பல் ஏறுறவனுக்கு ஜெபம் பண்றீங்க இல்ல போதகர் ஐயா? இதுவும் ஒரு பயணம்தான்” என்றார்.

சாப்பாட்டோடு வந்தவரிடம் ஜெபம் இல்லை என்று சொன்ன போதகர் இந்தச் சவாயி தீவிலேயே கிடையாது. என் வீட்டுக்காரர் எலிசாரா சாயங்கால ஆராதனையில், சபைக்கு முன்னால், பேர் சொல்லி ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன். பன்றித் தோல் நல்ல மொறுமொறுப்பு. பிள்ளைகள் மூன்றும் அடித்துக்கொண்டன.

பிப்ரவரி 12, புதன்

மோலாகியும் நிற்கிறாளாம். தேர்தலில் நிற்க வேண்டிய தலைவர் பட்டம் அவளுக்கும் இருக்கிறது, அவள் அப்பாவினுடையது. முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். “ஆஸ்பத்திரில டாக்டர் இல்ல, குழாயில தண்ணி இல்ல, தௌலாபோகிட்ட பேச்சு மட்டும்தான் இருக்கு” என்று கடையில் வைத்தே சொன்னாளாம். ஊர் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடும் என்று ஊர்ச்சபை முடிவெடுத்த பிறகு! இந்தப் பொம்பளைக்கு ஏன் இந்த வம்பு?

பிப்ரவரி 16, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் சவேலியோ எழுந்தார். “போதகர் ஜெபம் பண்ணியாச்சு. ஆண்டவர் ஆளைக் காட்டிட்டார். இனிமே எதிர்த்து நிக்கிறவங்க யாரை எதிர்த்து நிக்கிறோம்னு யோசிச்சுக்கட்டும்.”

பெஞ்சில் மோலாகியின் முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை.

வீட்டுக்கு வந்து எலிசாரா அங்கி கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். “நான் என்ன அப்படியா சொன்னேன்? நல்லபடியா போய்ட்டு வரட்டும்னுதானே ஜெபிச்சேன். அவ வந்திருந்தா அவளுக்கும் பண்ணியிருப்பேன்.”

“இதை என்கிட்ட சொல்லி?”

“சபையில சொல்லட்டுமா?”

“சும்மா இருங்க” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் வேறென்ன சொல்வேன்? இந்த வீடு ஊர் கொடுத்தது. பாய் ஊர் கொடுத்தது. ஊர் ‘போய் வாருங்கள்’ என்றால் போகவேண்டியதுதான். ஏதாவது ஒரு ஊர்ச் சபையின் அழைப்புக்காகக் காத்திருந்த காலத்தில், தலைநகர் ஆப்பியாவில் என் அண்ணன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருந்தோமே — மழை பெய்தால் பிள்ளைகளை மேஜைமேல் படுக்கவைத்து. அண்ணி வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். பாத்திரத்தை மட்டும் ‘டங்’கென்று வைப்பாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஊரோடு ஒத்துப் போகவேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் மோலாகி வந்தாள். கையில் ஒரே ஒரு கோழி.

“பன்றிக்கு வழியில்ல. கோழிக்கு எவ்வளவு ஜெபம் வருமோ அவ்வளவு பண்ணுங்க போதுமையா” என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

எலிசாரா என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். கடைசியில் சமையல்கட்டில், திரையை இறக்கிவிட்டு, மெல்லிய குரலில் ஜெபித்தார். திரையை இறக்கியது நான்தான்.

அவள் எழுந்து இடுப்பில் சுற்றிய லாவாலாவாத் துணியை உதறிக் கட்டிக்கொண்டே, “அவருக்குச் சபையில, எனக்குச் சமையல்கட்டுலயா ஐயா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எலிசாரா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோழிக்கறியைப் பிள்ளைகளுக்குப் போட்டேன்.

மார்ச் 5, புதன்

ஊர்ச்சபை முடிவு: மோலாகி வேட்புமனுவைத் திரும்ப வாங்கவேண்டும். இல்லையென்றால் 19ஆம் தேதி மாலை ஜெபம் முடிந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியே. அவள், அவள் மகன், மருமகள், நாலு பேரப்பிள்ளைகள். கடைசிப் பிள்ளை இன்னும் தவழ்கிறது. காரணம் என்ன தெரியுமா? ‘போதகரின் ஜெபத்தை அவமதித்தது.’

போதகரின் ஜெபம்! என் வீட்டு ஜெபம்.

பக்கத்து மாவட்டத்தில் இப்படி வெளியேற்றப்பட்ட ஒருவர் போக மறுத்தார். வீட்டைக் கொளுத்தினார்கள். 

மார்ச் 9, ஞாயிறு

பிரசங்கம் நோவாவைப் பற்றி. ஊரில் நடக்கும் விஷயம் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார். நான்தான் கேட்டுக்கொண்டேன். கேட்டபடியே செய்தார். பிறகு ஏன் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது?

மார்ச் 15, சனி

தௌலாபோவும் இரண்டு தலைவர்களும் வந்தார்கள். கோக்கோ கலந்து கொடுத்தேன். 19ஆம் தேதி மாலை எலிசாராவே சத்தமாக ஜெபத்தை நடத்தவேண்டுமாம். “பசங்க மனசுல சஞ்சலம் இல்லாம வேலையை முடிப்பாங்க பாருங்க” என்றார் தௌலாபோ. ‘வேலை’ என்றார்.

எலிசாரா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “சரி” என்றார்.

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சை அப்படியே துப்பிவிடலாம் போலவும் இருந்தது. நான் எப்படிப்பட்டவள்?

மார்ச் 18, செவ்வாய்

மோலாகி மனுவைத் திரும்ப வாங்கவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள், நாளையும் இங்கேயே இருக்கப்போகிறவள் மாதிரி.

மார்ச் 20, வியாழன்

 நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மணி அடிப்பது என் வேலை. முற்றத்து ஈரப்பலா மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டர்தான் மணி. முதல் மணிக்கு எல்லோரும் வீட்டுக்குள். இரண்டாவது மணிக்கு வீட்டுக்கு வீடு ஜெபம். மூன்றாவது மணி அடிக்கும்வரை தெருவில் ஒரு கால் படக்கூடாது. நடந்தால் ஊர்ச்சபை அபராதம். தௌலாபோ தலைவரானதும் அதை இன்னும் இறுக்கினார். வெளியூர் பஸ்ஸையே நிறுத்திவைத்த ஊர் இது.

நேற்று முதல் மணி அடித்தேன். யாரும் தெருவில் இறங்காமல் காவல் காக்கும் வாலிபர்கள் ஒரே நிற லாவாலாவாவில் சாலையோரம் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மோலாகி வீட்டுப் பக்கம் மட்டும் வரிசை நெருக்கமாக இருந்தது. ஒரு லாரியும் நின்றது. இரண்டாவது மணி. எலிசாரா வாசலில் உட்கார்ந்து ஜெபித்தார். குரல் எழும்பவே இல்லை. முடித்தார். இரும்புத்தடியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

அடிக்கவேண்டியதுதான் பாக்கி. தூரத்தில் மோலாகியின் பேரன் அழும் சத்தம் கேட்டது. பசி அழுகை, எல்லாப் பிள்ளையும் அந்த நேரத்துக்கு அழுவதுதான். நான் அடித்தால் அந்தப் பிள்ளை லாரியில் ஏறவேண்டும். கை தூக்கினேன், இறங்கவில்லை. பெரிய தைரியம் ஒன்றுமில்லை.  ஆனால் கை இறங்கமாட்டேன் என்றது.

எலிசாரா எழுந்து வந்தார். “என்ன, அடிக்கலையா?”

“அடிக்கல.”

“சினெவா... நம்ம பிள்ளைங்க, வீடு —”

“எனக்குத் தெரியாதா? நாப்பது நாளா அதைத்தானே உங்க காதுல ஓதிக்கிட்டிருக்கேன்! நீங்க போய் ஜெபிங்க. மணி அடிக்காத வரைக்கும் ஜெபம் முடியல.”

 எலிசாரா வாசலுக்குப் போய்ப் பாட்டை ஆரம்பித்தார். இந்த முறை குரல் எழும்பியது. அடுத்த வீடு சேர்ந்துகொண்டது. ஜெபம் இன்னும் முடியவில்லை என்றால் பாடத்தானே வேண்டும்? அதற்கடுத்த வீடு. இரண்டு பாட்டு, மூன்று பாட்டு. இருட்டிவிட்டது. கொசு பிடுங்குகிறது. வாலிபர்கள் கணுக்காலைத் தட்டிக்கொண்டே பாடுகிறார்கள். ஒருவனும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பான்? சட்டம் அல்லவா!

தௌலாபோவுக்குத்தான் பொறுக்கவில்லை. தெருவில் இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார். நடந்தேவிட்டார்! வரிசையிலிருந்த சவேலியோவின் மூத்த மகன் எழுந்து கையை நீட்டினான். “தலைவரே, மன்னிக்கணும். இன்னும் மணி அடிக்கல. உக்காருங்க.”

“என்னையாடா நிறுத்துற?”

“யார் வந்தாலும் நிறுத்தச் சொன்னது நீங்கதானே தலைவரே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தௌலாபோ அங்கேயே, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். எங்கள் வாசலுக்கு எதிரே.

பாட்டு நின்றது. எலிசாரா எழுந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி ஜெபித்தார். முதலில் தௌலாபோவின் பேரைச் சொன்னார். பயணம் நல்லபடியாக அமையட்டும் என்றார். அதே வார்த்தைகளை அடுத்து மோலாகியின் பேருக்குச் சொன்னார். ஒரு வார்த்தை குறையவில்லை. “ஆண்டவரே, நான் ஒருத்தருக்கு ஜெபிச்சது இன்னொருத்தர் கழுத்துல கயிறாப் போச்சு. என்னை மன்னியும். இந்த ஊர்ல பிறந்த எல்லாரும் இன்னைக்கு அவங்கவங்க வீட்டுலயே படுக்கட்டும்.”

ஊரே ஆமென் என்றது. தௌலாபோவின் வாயைத்தான் எல்லோரும் பார்த்தோம். ஜெபத்துக்கு ஆமென் சொல்லாத தலைவன் உண்டா? சொன்னார். கல்லை விழுங்குகிறவர் மாதிரி. ஆனால் காதில் விழும்படி சொன்னார்.

அப்புறம்தான் அடித்தேன். வாலிபர்கள் எழுந்து அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். லாரி வெறுமையாகத் திரும்பிப் போனது.

மார்ச் 23, ஞாயிறு

யாரும் சாப்பாடு கொண்டுவரவில்லை.

ஏப்ரல் 5, சனி

தௌலாபோ ஜெயித்துவிட்டார், நல்ல வித்தியாசத்தில். மோலாகி தோற்றதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சேம்பு நடுகிறாள். “அடுத்த தடவைக்கு வேர் பிடிக்கட்டும்” என்றாள். எனக்கென்னவோ அவள்மேல் எரிச்சலாக வந்தது. அவளுக்கு வீடு இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

சபை கூடி எங்களுக்கு ‘நன்றி’ சொல்லியாகிவிட்டது. நல்ல பாய் ஒன்று விரித்து, நீளமான பேச்சு பேசினார்கள். ஆண்டவர் எங்களுக்கு வேறொரு வயலை வைத்திருக்கிறாராம். எந்த வயல் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சவேலியோ மூப்பர் அழுதார். மோலாகி எங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொடுத்தாள். நர்ஸ் கட்டு, அவிழ்க்கவே முடியாது.

இரவெல்லாம் எலிசாராவைத் திட்டினேன். என்னைத் திட்டிக்கொள்ள வழி தெரியாமல்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டுத் தகரக் கொட்டகை. மழை. பிள்ளைகள் மேஜைமேல். எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது. அண்ணி பாத்திரத்தை வைக்கும் சத்தத்தையும் கேட்டாயிற்று.

மத்தியானம் ஒருவர் கார் எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தொகுதியில் இடைத்தேர்தலாம், அவர் தம்பி நிற்கிறாராம். சபை இல்லாத போதகர் என்று கேள்விப்பட்டிருப்பார்போல. ஒரு பெட்டி மீன் டின்னும் பொரித்த கோழியும் மேஜைமேல் வைத்தார். என் சின்னவன் கோழியை மோந்து பார்த்தான்.

“தம்பிக்காக ஒரு ஜெபம் பண்ணணும் ஐயா.”

“பண்றேன்” என்றார் எலிசாரா. பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எதிர்த்து நிக்கிறவர் பேர் என்ன?”

“அது எதுக்கு?”

“ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பண்ணுவேன்.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரி ஏதாவது புத்தி சொல்வாளா என்று. நான் மீன் டின் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கோழியையும்.

வாழைக்காய் வேகவைத்திருக்கிறேன். சாப்பிட உட்காரவேண்டும்.