பளபளவென்று ஒரு குவளை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

சட்டென்று சார்ஜ் ஏறி நெடுநேரம் தாங்கும் கலப்பு பேட்டரிக்கு மின்முனை செய்ய, கிராபீன் என்ற கரிப்பொருளை வாரக்கணக்கில் தண்ணீரில் அலசி ஒரு குவளையில் வைத்திருந்தேன். அதில் ஒட்டிய பெயர்ச் சீட்டு நனைந்து உதிர்ந்துவிட்டது. ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா, அழுக்குத் தண்ணீர் என்று கொட்டிவிட்டு, குவளையைப் பளபளவெனத் தேய்த்தும் வைத்துவிட்டார்.

"உனக்கு ஒரு வேலை மிச்சம், போ" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றேன். மறுபடி முதலிலிருந்து அலசுகிறேன். அம்மாவிடம் சிரிப்பாகச் சொல்லுங்கள்.

கை துடைக்க, கறை தெரியாத கறுப்புத் துண்டு இரண்டு அனுப்புங்கள். ஒன்று அக்காவுக்கு. இங்கே என்னை "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அவரிடமும் கோபித்துக்கொண்டால் அப்புறம் யார் கேட்பது?

அவசரத்தில்,
உங்கள் மகள்